வாசலுக்கு வெளியே இன்னும் எத்தனை காலம்?



ஒரு நாள் காலையில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். சென்னையிலிருந்து வரும் மின்சார ரயிலில் இறங்குகிறவர்கள் பலரின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அவர்கள் வெளியே வந்து கம்பெனி வண்டி ஏறி சிப்காட்டுக்குள் போகிறார்கள். அதே நடைமேடையில் நம் வாலிபர்கள் சிலர் எதிர்த் திசை ரயிலுக்குக் காத்து நிற்பார்கள். அவர்கள் போவது மண்ணடிக்கும் பர்மா பஜாருக்கும், கடை வேலைக்கு. தொழிற்சாலை நம் ஊரில் இருக்கிறது. அதில் திட்டம் போட்டு வேலை வாங்குகிறவர் வெளியூரிலிருந்து வருகிறார். நம் பிள்ளையோ டிகிரி படித்துவிட்டு வெளியூர் போகிறான்.

சிப்காட் நிறுவனம் துவங்கியது 1971ல். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997ல். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் ரசாயனத் தொழிற்சாலைகளும் வந்தன. பக்கத்திலேயே தேர்வாய் கண்டிகையில் டயர் தொழிற்சாலை வந்தது. காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுகங்கள் வந்துவிட்டன. இத்தனைக்கும் நடுவில் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பழைய இரும்பு எடுக்கிறார்கள். கேண்டீன் நடத்துகிறார்கள். ஆள் அனுப்புகிறார்கள். ஹார்டுவேர் கடை, பெயின்ட் கடை வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஹலாலான, கண்ணியமான தொழில்கள். அவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எந்த வேலை எப்போது துவங்கும், எவ்வளவு செலவாகும், யாருக்கு ஆர்டர் போகும் என்று முடிவு செய்கிற மேசையில் நம்மவர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கை விரல்களே போதும் என்றுதான் தோன்றுகிறது.

2006ல் சச்சார் குழு அறிக்கை வந்தபோது அதை மேடை மேடையாகப் பேசினோம். 2007ல் தமிழகத்தில் 3.5 சதவிகித இட ஒதுக்கீடு கிடைத்தது. போராடிப் பெற்றது அது, அதன் அருமை நமக்குத் தெரியும். ஆனால் அது அரசு வேலைக்கும் கல்விக்கும்தான். தனியார் தொழிற்சாலையின் வாசலில் அந்தச் சான்றிதழை நீட்ட முடியாது. அங்கே உள்ளே போவதற்கு வேறு வழி வேண்டும். அந்த வழிகளில் ஒன்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

தொழிற்சாலைகளில் 'ஷட்டவுன்' என்று ஒன்று உண்டு. வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். எந்திரங்களை நிறுத்திவிட்டு ஆண்டுக்கொரு முறை பழுது பார்ப்பார்கள். பத்து நாள், பதினைந்து நாள் கணக்கு. சாரம் கட்டுகிறவர், வெல்டர், பெயின்டர், கிரேன்காரர், எலெக்ட்ரீஷியன் என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள். சாரம் ஒரு நாள் பிந்தினால் பெயின்டர் ஒரு நாள் சும்மா உட்கார வேண்டும், கூலி மட்டும் ஓடும். நமக்குப் பழக்கமான ஒரு சகோதரர் இப்படி ஒரு வேலையை எடுத்தார். சரக்கு வர மூன்று நாள் தாமதம். தாமதத்துக்கு இத்தனை சதவிகிதம் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் எல்.டி. என்ற தலைப்பில் ஒரு வரி இருந்தது. அதை அவர் படிக்கவே இல்லை. பில் வந்தபோது லாபம் முழுவதும் அந்த ஒரு வரியில் போயிருந்தது. "அவர்கள் நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்றார். ஏமாற்றவில்லை சகோதரரே! எழுதிக் கொடுத்துத்தான் பிடித்தார்கள்.

இந்த வேலை ஒழுங்கைத்தான் இன்று திட்ட மேலாண்மை, புராஜக்ட் மேனேஜ்மென்ட் என்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். நம் வீட்டு நிக்காஹை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி குறித்தால்தான் மண்டபம் பிடிக்கலாம், மண்டபம் பிடித்தால்தான் பத்திரிகை அச்சடிக்கலாம். முதலாவது தள்ளினால் எல்லாம் தள்ளும். ஆனால் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது இரண்டு நாள் பிந்தினாலும் நிக்காஹ் நிற்காது. எது பிந்தினால் முழு வேலையும் பிந்தும், எது பிந்தினால் பாதகமில்லை என்று பிரித்துக் கணக்குப் போடும் முறையை அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி 1957ல் வகுத்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கடற்படை தன் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு இதே போன்ற இன்னொரு முறையைக் கொண்டு வந்தது. இன்று கட்டடம், சாஃப்ட்வேர், மருந்துக் கம்பெனி என்று எல்லா இடத்திலும் வேலைத் திட்டத்துக்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

இந்த வேலை நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. 2015 டிசம்பரில் சென்னையும் சுற்றுப்புறமும் மூழ்கியபோது நம் வாலிபர்கள் என்ன செய்தார்கள் என்று நாடே பார்த்தது. படகு தேடினார்கள். பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டு எல்லா மதத்தவரையும் தங்க வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினார்கள். 2020லும் 2021லும் கொரோனாவில் இறந்தவர்களின் உடலைத் தொட சொந்த உறவே அஞ்சியபோது, கவச உடை அணிந்து, யார் எந்த மதம் என்று பாராமல் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். ஆஸ்பத்திரியோடு பேச வேண்டும். அனுமதி வாங்க வேண்டும். ஆம்புலன்ஸ், குழி தோண்டும் எந்திரம், கவச உடை, ஆள் மாற்றம் என எல்லாம் சில மணி நேரத்துக்குள் ஒன்று கூட வேண்டும். இதை நடத்திக் காட்டியவனிடம் திட்ட மேலாண்மை தெரியுமா என்று கேட்டால், "எனக்கு என்னண்ணே தெரியும், நான் செல்போன் கடையில் நிற்கிறேன்" என்கிறான். வேதனை!

அதே சமயம் நம் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளம் வடிந்ததும் உட்கார்ந்து பேசினோமா? எந்தத் தெருவில் எந்நேரம் தண்ணீர் ஏறியது, எங்கே சாப்பாடு மிஞ்சி வீணானது, எங்கே போய்ச் சேரவே இல்லை, யாரிடம் படகு இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நோட்டை எடுத்துப் புரட்டியவர்கள் எத்தனை ஜமாஅத்தில் இருந்தார்கள்? போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. கணக்கும் பாடமும் எழுதப்பட்ட தாள்தான் இல்லை. நம் தியாகத்தில் குறையில்லை. பழக்கத்தில்தான் குறை.

அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தரும் இடங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. பி.எம்.ஐ. எனப்படும் புராஜக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் 1969ல் அமெரிக்காவில் துவங்கிய சங்கம். அது நடத்தும் பி.எம்.பி. தேர்வு 1984லிருந்து இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களைக் கேளுங்கள். அங்கே பெரிய கட்டுமான வேலைகளுக்கான விளம்பரங்களில் இந்த மூன்றெழுத்தைப் பார்த்திருப்பார்கள். பெங்களூர், மும்பை, ஹைதராபாத் போல சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. அந்தக் கிளையை நடத்துபவர்கள் சம்பளக்காரர்கள் அல்ல. பகலில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு மாலையிலும் விடுமுறையிலும் நேரம் ஒதுக்கும் உறுப்பினர்கள்தான். நிர்வாகிகளை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சொற்பொழிவு ஏற்பாடு செய்வது, தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வழிகாட்டுவது, கல்லூரிகளுக்குப் போய்ப் பேசுவது, மாநாட்டு வாசலில் நின்று பெயர் பதிவது எல்லாமே தன்னார்வத் தொண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பி.எம்.பி. தேறியவர் அந்தச் சான்றிதழைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று ஆண்டுக்குள் 60 மதிப்பு அலகுகள் சேர்க்க வேண்டும். அதில் 25 வரை தொழிலுக்குத் திருப்பிக் கொடுக்கும் பணிகளில் ஈட்டலாம். கிளைக்குத் தொண்டு செய்வதும் அந்தக் கணக்கில் சேரும். நாற்காலி எடுத்துப் போட்டவனின் உழைப்பையும் ஏட்டில் ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம். நம் இயக்கங்களில் பத்து வருடம் நாற்காலி போட்டவனின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

தகுதி என்ன என்று கேட்பீர்கள். பி.எம்.பி. எழுத, பட்டதாரியானால் திட்டங்களை நடத்திய அனுபவம் 36 மாதம் வேண்டும். +2 மட்டும் முடித்தவரானால் 60 மாதம். கூடவே 35 மணி நேரப் பயிற்சி. சொந்த வீட்டு நிக்காஹை நடத்தியதெல்லாம் அனுபவக் கணக்கில் வராது. தொழில் முறையில் செய்த வேலையாக இருக்க வேண்டும். அனுபவமே இல்லாத இளைஞனுக்கு சி.ஏ.பி.எம். என்று ஒரு முதல் படி இருக்கிறது. +2 முடித்து 23 மணி நேரப் பயிற்சி பெற்றால் எழுதலாம். மாணவர்களுக்கு உறுப்பினர் கட்டணத்தில் சலுகையும் உண்டு.

இனி எதிர்க்கேள்விகள். கட்டணம் அதிகம் என்பார்கள். உண்மை. பெயின்ட் கடையில் வேலை செய்யும் பையனுக்கு அது பெரிய தொகைதான். ஆங்கிலத்தில் பேசுகிறார்களே என்பார்கள். அதுவும் உண்மை. முதல் இரண்டு கூட்டத்தில் பாதி விளங்காது. கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஐ.டி.காரர்கள்தான் நிறையப் பேர், ஃபர்னஸ் வேலை பார்க்கும் நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்பார்கள். இதற்கு மட்டும் நம்மிடம் நேரான பதில் இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களுக்கு, 45 டிகிரி வெயிலில் சாரத்தின் மேல் நிற்கும் வேலையில் எங்கே நாள் கழிகிறது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்ல நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

அதேபோல, சான்றிதழ் வாங்கிய மறுநாள் வேலை தேடி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'நிச்சயம் பாஸ், நிச்சயம் வேலை' என்று நோட்டீஸ் அடிக்கும் பயிற்சி நிலையங்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். சான்றிதழைவிடப் பழக்கமே நமக்குப் பெரிது என்கிறோம். ஒரு மாநாட்டுக்காக இரண்டு மாதம் பத்துப் பேரோடு சேர்ந்து ஓடினால், அந்தப் பத்துப் பேருக்கும் உங்கள் நாணயம் தெரிந்துவிடும். அதில் ஒருவர் ஏதோ ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பார், இன்னொருவர் ஆர்டர் கொடுக்கும் இடத்தில் இருப்பார். நம்மைப் பற்றிப் பத்திரிகையில் படித்து ஓர் எண்ணம் வைத்திருந்தவர்கள், நம்மோடு சேர்ந்து வேலை செய்த பிறகு வேறு எண்ணம் கொள்வார்கள். எத்தனை நல்லிணக்கக் கூட்டம் போட்டாலும் இது கிடைக்காது.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதவி கேட்காதீர்கள்! நம்மிடம் ஒரு வியாதி இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்தால் ஒரு லெட்டர் பேடு, அதில் தலைவர், செயலாளர், பொருளாளர். நான்காவது ஆள் வந்தால் துணைத் தலைவர். உறுப்பினர் மட்டும் இருக்க மாட்டார். அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டு போக வேண்டாம். முதல் ஆண்டு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். ஒப்புக்கொண்ட வேலையை முடியுங்கள். முடியாவிட்டால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். கடைசி நேரத்தில் செல்போனை அணைத்து வைக்காதீர்கள்.

வணிகப் பெருமக்களே! உங்களுக்கும் இதில் பங்குண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் சங்கமான ஐமா, இரண்டாண்டுக்கு ஒரு முறை ஆக்மி இயந்திரக் கண்காட்சியை நந்தம்பாக்கத்தில் நடத்துகிறது. சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து நாடே திரும்பிப் பார்க்கும் கண்காட்சியை நடத்துகிறார்கள். அப்படி ஒரு சங்கக் கூட்டத்துக்கு, உங்கள் பகுதித் தொழில் சங்கத்தின் கூட்டத்துக்கு, கடைசியாக எப்போது போனீர்கள்? சந்தா கட்டி ரசீதைக் கல்லாவில் போடுவதோடு சரி. உங்கள் கடையில் நிற்கும் பையன்களில் படித்த, சூட்டிகையான ஒருவனைப் பொறுக்கி எடுங்கள். கட்டணத்தைத் தர்மமாக அல்ல, கடனாகக் கொடுங்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை சீக்கிரம் விடுங்கள். அவன் உங்களை விட்டுப் போய்விடுவான் என்று அஞ்சுகிறீர்களா? போகட்டுமே! அவன் உள்ளே உட்கார்ந்தால், ஒப்பந்தத்தில் அந்த எல்.டி. வரி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருப்பான்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேட்பது சிறிய விஷயம். மதரஸா கட்டடம் இரவில் பூட்டித்தான் கிடக்கிறது. வாரம் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அதைப் படிக்கிற பையன்களுக்குத் திறந்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். இஞ்சினீயரிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்கள் ஏராளம். முதல் பாடமாக, கட்டி முடியாமல் நிற்கும் உங்கள் பள்ளிவாசல் மாடியையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்ன பாக்கி, எவ்வளவு செலவு, எந்த வேலைக்கு முன் எந்த வேலை என்று அவர்களே ஒரு தாளில் போட்டுக் காட்டட்டும். ஜும்ஆ அன்று அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வசூலும் கொஞ்சம் சுலபமாகும்.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போய்ச் சந்திப்பதென்றால் இரண்டு ஊர்க்காரர்களும் சென்னைக்குத்தான் வர வேண்டும். ஒரு பாதை 40 கிலோமீட்டருக்கு மேல், மற்றது 50க்குச் சற்றுக் குறைவு. கூட்டங்களும் பெரும்பாலும் சென்னையில்தான் நடக்கும், ஆகவே அது ஒரு வசதியாகவே போயிற்று. தனியாகப் போக வேண்டாம். ஊருக்கு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். ஒருவர் கையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். விளங்காத வார்த்தைகளை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் ரயிலில் பேசுவதற்கு அது போதும்.