கண்ணகிக்கு வாயில் திறந்தது

எரிக்கும் பெண் நம் புதுக்கவிதைக்கு மலிவாகக் கிடைத்துவிட்ட படிமம். மதுரையைக் கொளுத்தியவளை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் குறியீடாக்கியாயிற்று. வையைக் கரையோடு அவள் மேற்கே நடந்தாள் என்கிறது சிலம்பு. அந்தத் திசையில்தான் சோழவந்தான் இருக்கிறது. எனக்கோ இந்தப் படிமம் கசந்துவிட்டது. இங்கே ஜெனகை மாரியம்மன் திருவிழாவில் அக்கினிச் சட்டி ஏந்தும் பெண்ணைத் தெருவே கும்பிடும். அவளே ஒரு நாள் புகுந்த வீட்டு வைக்கோற்படப்பில் நெருப்பு வைத்தால் போலீஸ், கோர்ட், பூட்டிய வார்டு. அவளைப் பற்றி நம்மிடம் ஒரு வரி கிடையாது.

மனமருத்துவத்தின் பூர்வீகமும் யோக்கியமானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீ வைத்த வேலைக்காரச் சிறுமிகளைப் பார்த்த ஜெர்மானிய வைத்தியர்கள் பூப்பெய்தும் பருவக் கோளாறு என்று முடித்துக்கொண்டார்கள். 1930இல் ஃப்ராய்ட், மனிதன் நெருப்பை வசப்படுத்திய கதையை ஆணின் மூத்திரத்தோடு முடிச்சுப் போட்டார், அதுவும் ஒரு அடிக்குறிப்பில். பெண் அதில் அடுப்புக்குக் காவல். 1987இல் ஜாக்சனும் இரு சகாக்களும் எழுதியது வேறு: மற்ற வழிகளெல்லாம் அடைபட்டவருக்கு மிஞ்சுகிற வழி தீ.

வடகிழக்கு இங்கிலாந்தில், தீ வைத்த, அறிவு வளர்ச்சி குறைந்த ஆறு பெண்களை ஆஸ்பத்திரியில் குழுவாக உட்காரவைத்துச் செய்த சிகிச்சை பற்றி 2006இல் ஒரு கட்டுரை வந்தது. தீக்கு முன்னால் என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், அந்தக் கோபத்தை வேறெப்படிச் சொல்லலாம் - இம்மாதிரிச் சிகிச்சையின் வேலை இதுதான். இரண்டு வருஷம் கழித்தும் அவர்களில் எவரும் மறுபடி தீ வைத்ததாகத் தகவல் இல்லை. ஆறு பேரை வைத்து ஸ்தாபிக்க முடியாதுதான். ஆனால் கேட்டிருக்கிறார்கள்.

ஃபூக்கோ படித்த நண்பர்கள் உடனே ஆரம்பிப்பார்கள்: சிகிச்சை என்பது அதிகாரத்தின் நாசூக்கான விலங்கு. பாரிஸில் உண்மையாக இருக்கலாம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில், ஓலைக் கொட்டகையில் எரிந்து மாண்ட 28 பேரைக் கட்டியிருந்தது இரும்புச் சங்கிலி. அங்கே மனமருத்துவம் அதிகாரம் செலுத்தவில்லை. அங்கே அது இல்லவே இல்லை. சங்கிலி போடக் கூடாது என்று 2017ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. கழற்றியபின் அவளிடம் என்ன கேட்பது என்பதைச் சட்டமா சொல்லித் தரும்?

நம் கவிஞர்கள் தாண்டிக் குதிப்பது வழக்குரை காதையை. வாயிற்காவலன் உள்ளே போய்ச் சொன்னான். அரசன் வரச் சொன்னான், யாரென்று கேட்டான். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, தவறு தன்னுடையதே என்று அவன் விழுந்து செத்தான். தீ அதற்கப்புறம், அதுவும் பார்ப்பனர், பசு, பத்தினி, முதியோர், குழந்தை என்று விலக்குப் பட்டியலோடு. (அந்தப் பட்டியலைப் பற்றித் தனியாகச் சண்டை போட வேண்டும்.)

வைக்கோற்படப்பு எரிந்த வீட்டில் எவனும் உள்ளே போய்ச் சொல்லவில்லை. அவளைக் கண்ணகி என்று பாடுகிறவர், பாடுமுன் ஒரு தடவை, என்னம்மா நடந்தது என்று கேட்டாரா?