இறங்கக் கற்றுக்கொடுப்போம்

ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்பது ரயில்வேயில் காட் செக்‌ஷனில் வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கர்ஜத்துக்கும் லோனாவளாவுக்கும் இடையே உள்ள போர் காட்டில் 37 அடிக்கு ஓர் அடி சரிவு. 1863-ல் திறந்த பாதை அது. ஏற இன்ஜின் பலம் போதும். இறங்க பிரேக்கும் நிதானமும் வேண்டும். அந்த நிதானத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் விஷயம் ரயில் அல்ல, சைக்கிள்.

2024 ஜூலையில் கனடாவில் வான்கூவரில் என் மகன் வீட்டில் இருந்தேன். பன்னிரண்டு வயதுப் பேரன், "தாத்தா, விஸ்லர் பைக் பார்க்குக்குப் போகணும். அப்பா உங்களைக் கேக்கச் சொன்னார்" என்றான். பைக் என்றதும் மோட்டார் சைக்கிள் என்று நினைத்தேன். இல்லையாம். பனிக்காலத்தில் சறுக்கு விளையாடும் மலையில், கோடையில் சைக்கிளை லிஃப்டில் ஏற்றி மேலே கொண்டுபோய், காட்டுக்குள் வெட்டிய மண் பாதையில் கீழே இறங்குவார்களாம். "வேண்டவே வேண்டாம்" என்றேன்.

என் மகன் எதிர்த்துப் பேசவில்லை. எனக்குத்தான் மனசு உறுத்தியது. காரணத்தைச் சொல்கிறேன்.

1995-ல் நாங்கள் லோனாவளாவில் ரயில்வே காலனியில் இருந்தோம். பையன்கள் எல்லாம் காலனிச் சரிவில் சைக்கிளில் பறப்பார்கள். என் மகனின் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன். 2001-ல் எனக்குத் தெரியாமல் நண்பனின் மோட்டார் சைக்கிளில், ஹெல்மெட் இல்லாமல், அதே மாதிரி ஒரு சரிவில் இறங்கி விழுந்தான். இடது முழங்கை இன்றுவரை முழுதாக நீளாது. வளைவில் பிரேக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிரேக்கோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய அப்பன் வீட்டிலேயே இருந்தும்.

ஆகவே மறுநாள், "போகலாம், நானும் வருகிறேன்" என்றேன்.

வான்கூவருக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கிறது விஸ்லர். அங்கே நான் கண்டது கூத்து அல்ல, ஒழுங்கு. பாதைகளுக்குத் தரம் பிரித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். பச்சை வட்டம் புதியவர்களுக்கு, நீலச் சதுரம் ஓரளவு தேறியவர்களுக்கு, கறுப்பு வைரம் கைதேர்ந்தவர்களுக்கு. சைக்கிள், முகவாயையும் மூடும் ஹெல்மெட், முழங்கால், முழங்கைக் கவசம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன. சைக்கிளுக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங், பருத்த டயர், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் டிஸ்க் பிரேக்.

முதல் நாள் பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டபோது எங்கள் பழைய வகுப்பறையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சீட்டை இறக்கிவிடு. இரண்டு பெடலும் சமமட்டத்தில் இருக்க, எழுந்து நில். முழங்காலும் முழங்கையும் மடங்கியே இருக்கட்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். பிரேக்குக்கு ஒரு விரல் போதும், முன்னும் பின்னும் சேர்த்துப் பிடி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள், வளைவுக்குள் போய் அழுத்தாதே. வழிநெடுக பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராதே, சூடேறினால் பிடிப்புப் போய்விடும்.

இந்தக் கடைசி விஷயம் இந்த விளையாட்டின் பிறப்போடு சம்பந்தப்பட்டது. 1976-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலைச் சரிவில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அது. ஒருமுறை இறங்கினால் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1990-ல் கொலராடோவில் டுராங்கோ என்ற ஊரில் நடந்த முதல் உலகப் போட்டியிலேயே மலையிறக்கப் பந்தயமும் இடம்பெற்றது.

இன்னொரு பாடமும் உண்டு. எந்தப் பாதையையும் முதல் தடவை மெதுவாக இறங்கிப் பார், மறுபடி ஒருமுறை இறங்கு, அப்புறம்தான் வேகம். ரயில்வேயில் டிரைவர் ஒரு புதுப் பகுதியில் தனியாக வண்டி ஓட்டுமுன், தெரிந்தவரோடு பலமுறை போய்ப் பாதையைக் கற்றுக்கொள்ள வேண்டும். போர் காட்டில் இறங்கும் ரயில் கேட்ச் சைடிங் அருகே நின்று காட்டினால்தான் மேற்கொண்டு வழி. நிற்கத் தெரிந்தவனுக்கே ஓட அனுமதி. இரண்டு இடத்திலும் ஒரே தத்துவம்.

பேரன் அன்று பச்சைப் பாதையைத் தாண்டவில்லை. இரண்டுமுறை விழுந்தான், கவசம் இருந்ததால் சிராய்ப்போடு போயிற்று. மூன்றாம் மணி நேரத்தில் கை அசந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றான். அங்கேதான் என் 'வேண்டாம்' உபயோகப்பட்டது. அசந்த கை பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது என்றேன். கேட்டுக்கொண்டான். அவன் பக்கத்தில் நின்று சொன்னதால் கேட்டான்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எலும்பு முறியலாம், தலையில் அடிபடலாம். வெளிநாடு போகிறவர்கள் மருத்துவக் காப்பீட்டில் இத்தகைய விளையாட்டு சேருமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இங்கே நம் பிள்ளைகள் விடுமுறைக் காலையில் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, லாரியும் பஸ்ஸும் வரும் மலைச்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் இறங்குகிறார்களே, அதைவிட எதிரே வண்டி வராத, தரம் பிரித்த பாதை மேலானது.

ஊரைவிட்டு வந்து குடியேறிய நமக்கு ஒரு பயம் உண்டு. பிள்ளைக்கு ஒன்று ஆனால் ஓடிவரச் சொந்தக்காரர் பக்கத்தில் இல்லை. அதனால் 'வேண்டாம்' என்ற சொல் நம் வாயில் முதலில் வருகிறது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் அதிலேயே வாழ்ந்தவன். ஆனால் தடை போட்டால் பிள்ளை இறங்காமல் இருப்பதில்லை, நமக்குத் தெரியாமல் இறங்குகிறான், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கேள்வி வந்தால், முதலில் ஹெல்மெட் வாங்குங்கள். பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள். சொல்லித்தரத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். முதல் நாள் கூடவே போங்கள். நான் 1995-ல் செய்திருக்க வேண்டியது இதுதான்.