குஞ்சின் நிறத்தைப் பார்த்துக் கழிக்காதீர்கள்

வாத்து முட்டையை அடை வைத்து 28 நாள் காத்திருக்கிறீர்கள். கூடையைத் திறந்தால் சில குஞ்சுகள் மஞ்சள், மற்றவை கறுப்பு. கலப்பட முட்டையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மஞ்சள் குஞ்சுகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறீர்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலையோடு நாலைந்து வாத்து வளர்ப்பவர்கள் இந்த அவசரத்தை விட வேண்டும்.

வாத்தில் வெள்ளை பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. தாயும் தகப்பனும் கறுத்திருந்தாலும், இரண்டும் அதை மறைவாகச் சுமந்தால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு மஞ்சளாகப் பொரிந்து வெள்ளையாக வளரும். பக்கத்து வீட்டு ஆண் வாத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை. 'சுத்த இனம்' என்று தேடி வாங்குகிறோமே, அந்தக் காக்கி கேம்பலே இங்கிலாந்தில் கேம்பல் அம்மையார் பல வகை வாத்துகளைக் கலந்து உண்டாக்கியதுதான்.

நிறம் உதவும் இடம் வேறு. காக்கி ஆணை, கறுத்த நாட்டுப் பெட்டையோடு சேருங்கள். காக்கி நிறத்தின் மரபணு பால் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக் குஞ்சுக்கு அது தகப்பனிடமிருந்து மட்டுமே வரும். எனவே பொரித்த அன்றே வெளிறிய பழுப்பு என்றால் பெட்டை, கறுத்தது என்றால் ஆண். முட்டைக்காக வளர்ப்பவருக்குத் தீவனச் செலவில் இது பெரிய மிச்சம். ஜோடியை மாற்றிப் போட்டால் இந்த அடையாளம் கிடைக்காது. அந்தக் குஞ்சுகளையே அடுத்து இணைத்தாலும் கிடைக்காது.

மலையில் குஞ்சு சாவது நிறத்தாலா? குளிரால்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று மெலிந்த உயரத்தில் முட்டையின் ஈரம் சீக்கிரம் வற்றும். இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் வைத்தால் மட்டும் போதாது. கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள், காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்கள். காக்கி வாத்து ஒழுங்காக அடை காக்காது. நாட்டுக் கோழியை உட்கார வைக்கலாம். ஆனால் 21 நாளில் தன் கணக்கு முடிந்தது என்று அது எழுந்துவிடக்கூடும், கவனம். மணிலா வாத்து முட்டைக்கு 35 நாள்.

கோழியிடம் பொரித்த குஞ்சுக்குத் தாய் வாத்தின் எண்ணெய்ப் பூச்சு கிடையாது. தண்ணீரில் விட்டால் நனைந்து விறைத்துவிடும். முதல் வாரம் 30 டிகிரிக்குக் குறையாத சூடு கொடுங்கள். மூக்கு நனையும் ஆழத்துக்குக் குடிநீர் வையுங்கள், குளிக்கும் அளவுக்கு வேண்டாம். அடுத்த அடைக்கு, எந்த ஆண், எந்தப் பெட்டை என்று முட்டையிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள்.