லிங்கனின் தாத்தா எந்த வருடம் இறந்தார்?



உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த வருடம் காலமானார்? கையில் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னால் நம்மில் பலர் முதல் கேள்வியிலேயே தயங்கி நிற்போம். அதற்காக வருந்த வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனே தன் சொந்தத் தாத்தா இறந்த வருடத்தைத் தவறாகத்தான் எழுதியிருக்கிறார்.

அந்தத் தாத்தாவின் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அந்த வீட்டிலும் வழக்கம். அவர் 1744-ல் பென்சில்வேனியாவில் பிறந்தார். வாலிப வயதில் தந்தையின் குடும்பத்தோடு வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். தொழில் விவசாயம். அமெரிக்க விடுதலைப் போர் நடந்தபோது உள்ளூர் மிலிஷியாவில் கேப்டன்.

மிலிஷியா என்பது நிரந்தர ராணுவம் இல்லை. ஏர் பிடிக்கிறவரும் தச்சரும் கொல்லரும் சேர்ந்த ஊர்ப்படை அது. அழைப்பு வந்தால் வீட்டில் இருக்கும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். சில வாரமோ சில மாதமோ கழித்துத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து உழ வேண்டும். அதுவரை வயலையும் மாட்டையும் பார்த்துக்கொண்டது யார்? மனைவியும் பிள்ளைகளும்தானே. படைப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது.

1780-ல் அவர் வர்ஜீனியா நிலத்தை விற்றார். மலைக்கு அப்பால் இருந்த கென்டக்கியில் நிலம் வாங்க அரசுக் கருவூலத்தில் பணம் கட்டினார். அங்கே இருந்த எழுத்தர் அவர் பெயரை 'லிங்க்ஹார்ன்' என்று எழுதிவிட்டார். காதில் விழுந்ததை எழுதுவதுதான் அன்றைய வழக்கம். நம் வீட்டுப் பத்திரத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று அலைகிற நமக்கு இது புதிதா என்ன?

ஒன்றிரண்டு வருடங்களில் மனைவி பாத்ஷீபாவோடும் பிள்ளைகளோடும் கென்டக்கி போய்ச் சேர்ந்தார். மோர்டெகாய், ஜோசியா, மேரி, தாமஸ், நான்சி என்று ஐந்து பிள்ளைகள். இன்றைய லூயிவில் நகருக்குக் கிழக்கே, லாங் ரன் என்ற ஓடையை ஒட்டிக் காட்டை வெட்டிப் பயிர் வைக்கத் தொடங்கினார்கள்.

1786 மே மாதம். அப்பா மூன்று மகன்களோடு வயலில் இருந்தார். மரங்களுக்குள்ளிருந்து வந்த குண்டு அவர்மேல் பாய்ந்தது. சுட்டவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். மூத்தவன் மோர்டெகாய் துப்பாக்கியை எடுக்க வீட்டுக்கு ஓடினான். ஜோசியா பக்கத்துக் கோட்டைக்கு ஆள் கூட்டிவர ஓடினான். மகன்களில் இளையவன் தாமஸ், எட்டு வயது, அப்பாவின் உடல் பக்கத்திலேயே நின்றுவிட்டான். அவனைத் தூக்கிப் போக ஒருவன் நெருங்கியபோது, வீட்டுச் சுவர் இடுக்கிலிருந்து மோர்டெகாய் சுட்டான். தாமஸ் பிழைத்தான். அந்தத் தாமஸ்தான் ஜனாதிபதி லிங்கனின் தந்தை.

தன் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்த குடும்பக் கதை இதுதான் என்று பேரன் லிங்கன் 1854-ல் ஓர் உறவினருக்கு எழுதினார். ஆனால் வருடம்? 1781 அல்லது 82-ல் தாத்தா கென்டக்கி வந்தார், ஓரிரு வருடத்தில் கொல்லப்பட்டார் என்று 1859-ல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் சொல்கிறார். அந்தக் கணக்குப்படி 1784-க்குள் அவர் இறந்திருக்க வேண்டும். 1785-ல் அந்தத் தாத்தாவின் நிலத்தை அளந்த ஆவணமோ, அவர் அப்போது உயிரோடு இருந்ததைக் காட்டுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் துப்பாக்கிச் சத்தம் மறக்காது. வருடக் கணக்கு மறந்துபோகும்.

வருடம் தப்பினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் எல்லாமே அந்த வருடத்தில்தான் இருக்கிறது. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் என்ற பழைய சட்டம் அங்கே அமலில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு தரும் புதிய சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1 அன்று. அப்பா இறந்தது அதற்கு ஏழெட்டு மாதம் முன்னால்!

நிலம் மோர்டெகாய்க்குப் போனது. தாமஸ் கூலி வேலை செய்து வளர்ந்தார். படிப்பு இல்லை. தன் கையெழுத்தையே சிரமப்பட்டுத்தான் போடுவார். பிறகு கென்டக்கியில் சொந்தமாக நிலம் வாங்கியபோதும் பட்டாத் தகராறு விடவில்லை. 1816-ல் குடும்பத்தோடு இண்டியானாவுக்குக் கிளம்பினார். அடிமை முறையும் ஒரு காரணம், ஆனால் நிலப் பிரச்சினையே முக்கியக் காரணம் என்று மகன் பின்னால் சொன்னார். குடிசை வீட்டு லிங்கனின் வறுமைக் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்று என் மனத்தை உறுத்துகிறது. 1848-ல் வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த லிங்கன், அதே பெயர் கொண்ட முன்பின் தெரியாதவர்களுக்கு மாசசூசெட்ஸுக்கும் வர்ஜீனியாவுக்கும் கடிதம் எழுதித் தன் வேர்களைத் தேடினார். அப்போது அப்பா தாமஸ் இல்லினாயில் உயிரோடுதான் இருந்தார். இருவருக்கும் அவ்வளவு ஒட்டுதல் இல்லை. 1851-ல் தாமஸ் இறந்தபோது மகன் இறுதிச் சடங்குக்கும் போகவில்லை. 1637-ல் இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் லிங்கன் என்ற நெசவுத் தொழிலாளிதான் தன் குலத்தின் முதல்வர் என்பது ஜனாதிபதிக்குக் கடைசிவரை உறுதியாகத் தெரியாது. ஆய்வாளர்கள் அதை நிறுவியது அவர் இறந்த பிறகு.

ஜனாதிபதி வீடு என்பதால் ஆய்வாளர்கள் தேடினார்கள். சாதாரண மிலிஷியாக்காரர் வீட்டுக் கதை எப்படிப் பிழைத்தது? ஒரு பென்ஷன் சட்டத்தால்! 1800-ல் போர் அலுவலகம் தீப்பிடித்து, விடுதலைப் போர்ப் பதிவுகள் ஏராளமாக அழிந்துபோயின. 1832-ல் அமெரிக்க காங்கிரஸ், குறைந்தது ஆறு மாதம் பணியாற்றிய மிலிஷியாக்காரர்களுக்கும் பென்ஷன் என்று அறிவித்தது. பேப்பர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய் நினைவிலிருப்பதைச் சொன்னார்கள். எங்கே பிறந்தேன், யார் கேப்டன், எந்த ஆற்றைக் கடந்தோம், எப்போது வீடு திரும்பினேன். எழுதத் தெரியாத கிழவர்கள் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்.

விதவைகளுக்கும் பின்னர் பென்ஷன் வந்தது. திருமணத்துக்குச் சான்று வேண்டுமே! பிறப்பும் கல்யாணமும் எழுதி வைத்திருந்த வீட்டு பைபிளின் பக்கங்களையே சிலர் கிழித்து அனுப்பினார்கள். அவை இன்றும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல பெண்களின் பெயர் நமக்குக் கிடைப்பது அந்த மனுக்களால்தான்.

பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது குடும்ப வரலாறு ஆகாது. கென்டக்கி யாருடைய நிலம்? ஷானி மக்கள் தலைமுறைகளாக வேட்டையாடிய காடு அது. 1768-ல் ஐராகுவா மக்கள் அதை பிரிட்டிஷாருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஷானிகள் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. பட்டா கையில் வைத்திருந்த லிங்கன் வீட்டுக்கு அது சொந்த வயல். எதிரே நின்றவருக்கு அது பறிபோன காடு. வர்ஜீனியாவிலேயே தங்கிவிட்ட லிங்கன் உறவினர்கள் அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள் என்பதும் அதே குடும்பத்தின் வரலாறுதான். சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

நம் வீடுகளில் காடு திருத்திய தாத்தா இருக்கலாம், பட்டாளத்துக்குப் போன தாத்தா இருக்கலாம், ரங்கூனிலோ மலாயாவிலோ வேலை பார்த்தவர் இருக்கலாம். விஷயம் தெரிந்த கடைசி ஆள் இன்னும் திண்ணையிலோ ஃபிளாட்டின் பால்கனியிலோ உட்கார்ந்திருக்கிறார். செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, பேசவிடுங்கள். வருடம் கேட்டால் திணறுவார்கள். எந்தப் புயல் அடித்தபோது, யார் கல்யாணத்துக்கு முன்னால் என்று கேளுங்கள், தானாக வரும். பாட்டிகளின் பிறந்த வீட்டுப் பெயரையும் ஊரையும் மறக்காமல் கேளுங்கள், அதுதான் முதலில் தொலைகிறது.

அப்புறம் பீரோவைத் திறந்து பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முரண்பட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

எழுதியதில் ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் அவற்றுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்