ஊர் பார்த்து அளக்கும் ஊதியம்

கூலி என்னுஞ் சொல் கூலத்தினின்று பிறந்தது. கூலமாவது தவசம். சம்பளம் என்பதும் சம்பும் அளமும், அஃதாவது நெல்லும் உப்பும், சேர்ந்தமைந்த சொல்லெனச் சொல்லாராய்ச்சியாளர் விளக்குவர். உழைப்புக்கேற்ப அளப்பதே ஊதியம் என்பது நம் முன்னோர் கருத்து. அறுப்புக்கூலியை நெல்லாகவே அளந்து பழகிய நாஞ்சில் நாட்டார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் இன்று அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் மாறுகின்றது. வருந்தி உழைக்கும் இடத்தில் சிறிய மரக்காலும், ஏந்துகள் நிறைந்த இடத்தில் பெரிய மரக்காலும் வைத்து அளக்கின்றனர். மருத்துவர் ஊதியத்தில் இம்முறைகேடு ஏழைகளின் உயிரோடு விளையாடுகின்றது.

முதற்கண் நடுவணரசின் கணக்கைக் காண்போம். அடிப்படையூதியம் எவ்வூரிலும் ஒன்றே. வீட்டு வாடகைக்கெனத் தரும் குடிக்கூலிப்படியில்தான் வேற்றுமை புகுகின்றது. 2024 சனவரி முதல் அப்படி, ஐம்பது இலக்கம் மக்களுக்கு மேற்பட்ட பெருநகரில் 30 விழுக்காடு. ஐந்து இலக்கத்திற்கு மேற்பட்ட நகரில் 20 விழுக்காடு. அதனிற் சிறிய ஊர்களில் 10 விழுக்காடு. 56,100 உருபா அடிப்படையூதியம் பெறும் இருவருள், சென்னையில் இருப்பவர்க்கு 16,830 உருபா. சிற்றூரில் இருப்பவர்க்கு 5,610 உருபா. திங்களுக்கு 11,220 உருபா வேறுபாடு. ஆண்டிற்கு ஓரிலக்கத்து முப்பத்துநாலாயிரத்தைத் தாண்டும். மாநில அரசின் குடிக்கூலிப்படியும் தலைநகரில் மிகுந்தும் சிற்றூரில் குறைந்துமே செல்கின்றது. சில மலையூர்கட்கு மலைப்படி உண்டு; ஆயினும் அஃது இவ்விடைவெளியை நிரப்பப் போதாது.

"நகரில் வாடகை மிகுதி, ஆதலின் படியும் மிகுதி. இதில் என்ன தவறு?" என வினவலாம். நகரத்தார்க்குத் தருவதைக் குறைக்குமாறு யாம் கேட்கவில்லை. நகரின் செலவைக் கணக்கிலெடுத்த அரசு, காட்டோரத்தின் செலவை ஏன் கணக்கிலெடுக்கவில்லை என்பதே எம் வினா. பிள்ளைகளை வேற்றூர்ப் பள்ளியில் விட வேண்டும். மனைவிக்கோ கணவர்க்கோ அவ்வூரில் வேலையில்லை. ஆகவே ஒரு குடும்பத்திற்கு இரண்டு அடுப்பு எரிய வேண்டும். இவையெல்லாம் செலவல்லவோ?

இன்னொரு வேறுபாடு ஊதியப் பட்டியலில் எழுதப்படாதது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர், பணிநேரம் போகத் தனியாகத் தொழில் செய்யலாம். மாலையில் நகரத் தெருவில் பலகை மாட்டியவர்க்கு நோயாளிகள் வரிசையில் நிற்பர். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்திற்கு அப்பால், படகேறிச் செல்ல வேண்டிய காணிக்குடியிருப்புகளில் பலகை மாட்டி எவரிடம் பணம் வாங்குவது? ஆக, அரசு ஒரே ஊதியம் தந்தாலும், ஊர் இருவேறு ஊதியம் தருகின்றது. அரசுப்பணியில் முழுநேரம் இருப்பவர்க்குத் தனித்தொழில் கூடாதென 1946-இலேயே போர் குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இங்கு ஏட்டளவில் நின்றுவிட்டது.

கடிய இடங்களில் பணியாற்றுவார்க்கு அரசு ஒன்றும் செய்யவில்லையென்றும் கூறுதற்கில்லை. அங்குப் பணியாற்றிய ஒவ்வோராண்டிற்கும், பட்டமேற்படிப்பு நுழைவுத்தேர்வில் பெற்ற மதிப்பெண்ணில் 10 விழுக்காடு வீதம், 30 விழுக்காடு வரை கூட்டித்தர மருத்துவ மன்ற விதி வழிவகுத்தது. பணியிலுள்ள மருத்துவர்க்குப் பட்டமேற்படிப்பில் தனி இடம் ஒதுக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டென 2020 ஆகத்து 31-ஆம் நாள் உச்ச நயன்மன்றமும் தீர்ப்பளித்தது. மாநில உரிமையைக் காத்த நல்ல தீர்ப்பு அது. எனினும், மதிப்பெண்ணாகத் தரும் பரிசு மலையை விட்டு வெளியேறுதற்கான பரிசேயாகும். சிறப்பு மருத்துவராகித் திரும்புகின்றவர் பெரிய மருத்துவமனைக்கே செல்வார். மலையில் தங்குதற்கெனத் தரும் பரிசு யாது?

"மருத்துவம் தொண்டு, பணத்தை நோக்கலாமா?" என்பார் சிலர். தொண்டின் பெருமையை நாம் நன்கறிவோம். 1838-இல் தொடங்கிய நெய்யூர் மருத்துவப் பணிக்கு, எவரெசுட்டு மலையேற்றங்களில் கலந்துகொண்ட அறுவை மருத்துவர் சோமர்வெல், இலண்டனின் வாய்ப்பைத் துறந்து வந்து, பல்லாண்டு நம் மாவட்டத்து ஏழைகளின் நோய் தீர்த்தார். அத்தகையோரை வணங்குவோம். ஆனால் நூற்றில் ஒருவரின் ஈகத்தை நம்பி நாட்டின் நலத்துறையை நடத்தலாகாது. மேலும், சென்னையில் இருப்பாரை ஈகம் செய்யுமாறு எவரும் கேட்பதில்லை. மலையடியில் இருப்பாரையே கேட்கின்றனர்.

பிற நாடுகள் மரக்காலைத் திருப்பிப் பிடித்துள்ளன. தாய்லாந்து 1975 முதலே சிற்றூர் மருத்துவர்க்குக் கடும்பணிப்படி தந்தது. ஆத்திரேலியா மிகத் தொலைவான இடங்களில் நெடுநாள் தங்கும் மருத்துவர்க்கு ஆண்டிற்கு 60,000 தாலர் வரை ஊக்கத்தொகை வகுத்தது. அமெரிக்க அரசு முதியோர் காப்பீட்டில், மருத்துவர் பற்றாக்குறையுள்ள இடங்களில் 10 விழுக்காடு கூடுதல் தொகை வைத்தது. இந்தியாவிலேயே சத்தீசுக்கர், ஊர்களை அவற்றின் கடுமைக்கேற்பப் பகுத்து, ஊதியத்தின்மேல் தனித்தொகை தந்தது. பொருள்வளத்திலும் கல்வியிலும் முன்நிற்கும் தமிழ்நாட்டால் இயலாதது ஒன்றுமில்லை.

பணம் மட்டும் போதாது என்பதும் மெய்யே. உலக நலவாழ்வு நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், சிற்றூரிற் பிறந்த மாணவரைச் சேர்த்தலும், நல்ல உறையுள் அமைத்தலும் பணத்தோடு சேர்த்தே கூறப்பட்டன. இதனை நூற்றாண்டுக்கு முன்பே கண்டவர் சாமுவேல் கிறீன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அம்மருத்துவர், ஆங்கில வாயிலாகத் தம்மிடம் பயின்றோர் அரசுச் சம்பளத்தை நாடி அயலிடம் செல்வதைக் கண்டார். தமிழில் கற்றோர் தம் ஊரிலேயே தங்கித் தொழில் செய்வர் எனக் கருதி, 1860-களில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மருத்துவ நூல்களையும் தமிழிற் பெயர்த்தார். எம்மொழியிற் கற்கிறோம் என்பதும் எவ்வூரில் தங்குவோம் என்பதை முடிவு செய்யும் என்பதற்கு இது சான்று.

வள்ளுவர் மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவான் என நான்கு உறுப்பு வகுத்தார். நான்கனுள் ஒன்று குறையினும் நோய் தீராது. மருந்தை வண்டியில் ஏற்றி அனுப்பலாம். மருத்துவரை அவ்வாறு அனுப்பி நிறுத்த முடியாது. அவர் தாமே விரும்பித் தங்க வேண்டும்.

ஆதலின் அரசை நாம் கேட்பன மூன்று. ஊரின் மக்கள்தொகையை விட்டு, மருத்துவமனையின் தொலைவும் கடுமையும் நோக்கி இடங்களைத் தரப்படுத்துக. கடிய இடத்தில் பணியாற்றுவார்க்கு, பெருநகரக் குடிக்கூலிப்படிக்குக் குறையாத இடப்படியை, அங்கிருக்கும் நாளெல்லாம் ஊதியத்தோடு தருக. மலைக்குடியிலும் கடற்கரையிலும் சிற்றூரிலும் பிறந்த பிள்ளைகள் தாய்மொழியில் மருத்துவம் கற்று, தம் மக்களிடையே பணியாற்ற வழி செய்க.

ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. கோட்டாற்றில் ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி உண்டு. இவற்றின் நிழலில் வாழும் நமக்கு இக்குறை புலப்படாமற் போகலாம். மலைமேல் வாழ்வாரும் தமிழரே என்பதை மறவாதார், இம்மூன்றையும் தத்தம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேட்பாராக.