தந்தைக்கு நான்கு வார விடுப்பு: வீட்டு வேலை யார் கையில்?

சிங்கப்பூரில் குழந்தை பெறும் தம்பதியருக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் சம்பளத்துடன் கூடிய 30 வார விடுப்பு கிடைக்கிறது. தாய்க்கு 16 வாரம், தந்தைக்கு 4 வாரம், இருவரும் பகிர்ந்துகொள்ள 10 வாரம்.

2024 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்த பகிர்வு விடுப்பு, 2025 ஏப்ரலில் 6 வாரமாகத் தொடங்கி இப்போது 10 வாரமாகியுள்ளது. தந்தையர் விடுப்பிலும் மாற்றம் உண்டு. முன்பு 2 வாரம் மட்டுமே கட்டாயம். மேலும் 2 வாரம் கொடுப்பது முதலாளியின் விருப்பம். 2025 ஏப்ரல் 1 முதல் நான்கு வாரத்தையும் முதலாளி கொடுத்தே ஆகவேண்டும்.

நாட்டின் மொத்த கருவள விகிதம் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் 0.97ஆக இருந்த நிலையில், இது தேவையான நடவடிக்கையே. ஆனால், சட்டம் கொடுப்பது நாள்களை மட்டும்தான். அந்த நாள்களில் வீட்டில் யார் எதைச் செய்வது என்பதைக் குடும்பம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறைக்கும் அரை மணி நேரம் என்று கணக்கிட்டாலும், 4 முதல் 6 மணி நேரம் அதற்கே போய்விடும். அதுவும் இரவு பகல் பாராமல் சிதறிய நேரம். தாய் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்குவதே அரிது.

தாய்ப்பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லா வேலைகளையும் இன்னொருவர் செய்யலாம். துணி துவைப்பது, பால் புட்டிகளைக் கொதிக்க வைப்பது, சமைப்பது, மூத்த பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு அழைத்துச் செல்வது எனப் பட்டியல் நீளும்.

தமிழ்க் குடும்பங்களில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் பெண்ணின் தாயார்தான். பத்தியச் சமையல், பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. மருமகன் கடைக்குப் போய் வந்தால் போதும்.

அந்த ஏற்பாடு இப்போது தளர்ந்து வருகிறது. பாட்டிமார்களில் பலர் இன்னும் வேலைக்குச் செல்கின்றனர். 2026 ஜூலை 1 முதல் ஓய்வுபெறும் வயது 64, மறுவேலைவாய்ப்பு வயது 69. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டிக்கெனச் சட்டத்தில் தனி விடுப்பு இல்லை. தமது வருடாந்தர விடுப்பைத்தான் எடுக்கவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பாட்டியோ வருகை அனுமதி முடிந்ததும் திரும்ப வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில்தான் தலைகாட்டுகிறது. முதல் மாதம் வீடு நிறைய ஆள்கள். தந்தையும் தம் நான்கு வார விடுப்பை அப்போதே எடுத்து முடித்துவிடுவார். சமையல் பாட்டியிடம், குழந்தை தாயிடம் என்று இருப்பதால், அவருக்குக் கிடைப்பது வருவோரை வரவேற்கும் வேலை. பாட்டி ஊருக்குப் போகும் நேரத்தில் தந்தை அலுவலகம் திரும்பியிருப்பார். குளிப்பாட்டவும் தூங்க வைக்கவும் அவர் கற்றுக்கொள்ளாததால், எல்லாம் ஒருவர் தலையிலேயே விழுகிறது.

இதைத் தவிர்க்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. முதலாளியுடன் உடன்பாடு இருந்தால், நான்கு வாரத்தையும் பிரித்து, குழந்தை பிறந்த 12 மாதத்துக்குள் எடுக்கலாம். உடன்பாடு இல்லையென்றால்தான் 16 வாரத்துக்குள் ஒரே தொடராக எடுக்கவேண்டும். பிறந்தவுடன் இரண்டு வாரம், பாட்டி கிளம்பிய பிறகு இரண்டு வாரம் என்று பிரித்தால் பலன் கூடுதல். தாய் வேலைக்குத் திரும்பும்போது தந்தை தமக்குரிய பகிர்வு விடுப்பைத் தொடங்கலாம். அதற்கும் முதலாளியின் சம்மதம் தேவைப்படலாம்.

சம்பளம் குறையும் என்ற அச்சம் பலரைத் தயங்க வைக்கிறது. இவ்விரு விடுப்புகளுக்கும் அரசாங்கம் வாரத்துக்கு அதிகபட்சம் 2,500 வெள்ளி வரை ஈடுசெய்கிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த வரம்பு தடையாக இருக்காது. மேலதிகாரி என்ன நினைப்பார் என்ற தயக்கம்தான் பெரிய தடை.

தகுதியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்கவேண்டும். பெற்றோர் சட்டப்படி மணமானவர்களாகவும், குழந்தை பிறப்பதற்கு முன் குறைந்தது மூன்று மாதம் அதே முதலாளியிடம் வேலை செய்தவர்களாகவும் இருக்கவேண்டும். வேலை அனுமதியில் இங்கு வாழும் பல தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகள் குடிமக்கள் அல்லர். அந்தத் தந்தையருக்கு இந்த நான்கு வாரம் கிடையாது. அவர்கள் வருடாந்தர விடுப்பைச் சேமித்து வைப்பதே வழி.

பணிப்பெண் அமர்த்தினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்போரும் உண்டு. 16 வயதுக்குக் கீழ் குடிமகனான பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான். ஆனால், அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்து மேற்பார்வையிடுவதும் ஒரு வேலை. அதுவும் பெரும்பாலும் தாயிடமே வந்து சேர்கிறது. தந்தை அதையாவது ஏற்றுக்கொண்டால் தாய்க்குச் சுமை குறையும்.

இது வெறும் வசதி பற்றிய பேச்சு அன்று. தூக்கமின்மையும் ஓயாத வேலையும் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வை மோசமாக்கும். இரண்டு வாரத்துக்கு மேலும் தாய்க்கு அழுகையோ சோர்வோ நீடித்தால், ‘எல்லாருக்கும் இருப்பதுதானே’ என்று விட்டுவிடாமல் மருத்துவரை நாடவேண்டும். அதை முதலில் கவனிக்கக்கூடியவர் கணவர்தான். அவர் வீட்டில் இருந்தால்தான் கவனிக்க முடியும்.

விடுப்புக்குக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே முதலாளிக்குத் தெரிவிக்கவேண்டும். ஆகவே, யார் எப்போது வீட்டில் இருப்பது, யார் எதைச் செய்வது என்ற பேச்சைக் குழந்தை பிறந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். இரு குடும்பமும் ஒன்றுகூடும் வளைகாப்பு அதற்கு நல்ல நேரம்.