களிப்பிடமும் மக்கள் சொத்தே!

உழைப்பவனுக்கு உணவு வேண்டும், உடை வேண்டும், உறையுள் வேண்டும் என்று வாதாடுவோர் பலர். அவனுக்கு ஒருநாள் ஓய்வும், அந்த ஓய்வு நாளில் மனைவி மக்களோடு சென்று மகிழ ஓரிடமும் வேண்டும் என்று வாதாடுவோர் சிலரே. அந்தச் சிலருள் ஒரு சாரார் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள மார்கேற் என்னும் சிறு நகரில் 2003 முதல் 2015 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், சலியாது போராடினர். அந்தப் போராட்டத்தின் வரலாற்றையே இவ்வாரம் வாசகர்களின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

“இராட்டினமும் சறுக்கலும் அரசியல் ஏட்டிற்குரிய பொருளாகுமா?” என்று சில அன்பர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். சிறு நகர்களிலுள்ள களியாட்டுப் பூங்காக்கள் புதிய இராட்டினம் ஒன்றைப் பூட்டி, இவ்வாண்டு நம் ஊர் மீண்டும் தழைக்கும் என்ற நம்பிக்கையோடு வாயிலைத் திறப்பதும், சில ஆண்டுகளில் அதே வாயிலைப் பூட்டுவதும் மேல்நாடுகளில் வழக்கமாகிவிட்டன. பத்திரிகைகள் இவற்றை வெறும் வியாபாரச் செய்தியாகவே வெளியிடுகின்றன. நாம் கேட்கும் கேள்வி வேறு. அந்த இடம் யாருக்குரியது? அது இருப்பதா அழிவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இவை அரசியற் கேள்விகள்; சட்டக் கேள்விகள். ஆதலின் இவ்வேட்டிற்கு உரியனவே.

உழைப்பாளியின் கடற்கரை

மார்கேற், இலண்டன் மாநகரத் தொழிலாளரின் கடற்கரை. முதலில் நீராவிக் கப்பல்களும், பின்னர் புகையிரதமும் அவர்களை அங்கே கொண்டு சேர்த்தன. 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் அவர்களுக்குச் சில ஓய்வு நாட்களைத் தந்தது. 1938ஆம் ஆண்டின் சட்டம், ஊதியத்தோடு கூடிய விடுமுறைக்கு வழி வகுத்தது. சீமான்களின் ஓய்வுக்குச் சட்டம் வேண்டியதில்லை. தொழிலாளியின் ஓய்வுக்கோ பாராளுமன்றம் கூடவேண்டியிருந்தது. இதனை மறந்துவிட்டுக் களியாட்டிடங்களின் வரலாற்றை எழுதுவோர், வரலாற்றின் பாதியையே எழுதுவோராவர்.

பயன்படாது கிடந்த ஒரு புகையிரத நிலையக் கட்டடத்தில் 1867ஆம் ஆண்டு அங்கே ஓர் ஆடல் மண்டபம் தோன்றிற்று. அந்நிலத்தை 1919ஆம் ஆண்டு யோன் ஹென்றி ஐல்ஸ் என்பவர் வாங்கினார். மறு ஆண்டு அங்கே ட்றீம்லாண்ட் எழுந்தது. தமிழிற் சொன்னால் கனவுலகம். அதன் நடுநாயகமாக விளங்கியது ‘சீனிக் றெயில்வே’ என்னும் மரத்தாலான ஏற்ற இறக்கத் தொடர்வண்டி. அது திறக்கப்பட்ட முதல் ஆண்டிலேயே ஐந்து இலட்சம் மக்கள் ஏறிச் சென்றனர் என்றால், அதன் மதிப்பை வேறு சொல்லி விளக்கவேண்டியதில்லை.

அந்த வண்டியின் அமைப்பை வாசகர்கள் அறிதல் நன்று. வடக்கயிறு ஒன்று வண்டியை உச்சிக்கு இழுத்துச் செல்லும். அதன்பின் வண்டி தன் பாரத்தினாலேயே இறங்கும். இக்காலத்து வண்டிகளில் தண்டவாளத்தின் கீழே பற்றிக்கொள்ளும் சில்லுகள் உண்டு; இதற்கு அவை இல்லை. ஆதலால் தடை பிடிப்பவன் ஒருவன் வண்டியிலேயே நின்று பயணஞ் செய்வான். எந்த வளைவில் விடவேண்டும், எந்த இறக்கத்தில் பிடிக்கவேண்டும் என்பதை அவன் கை அறியும். அவன் இன்றேல் வண்டி ஓடாது.

ஸ்பெயின் தேசத்துக் கடற்கரைகளுக்கு மலிவான விமானப் பயணம் வந்த பின்னர், இங்கிலாந்தின் கடற்கரை நகர்கள் ஒவ்வொன்றாய் மெலிந்தன. மார்கேற்றும் மெலிந்தது. கனவுலகம் கைக்குக் கை மாறிற்று. 2003ஆம் ஆண்டு அதனை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. இராட்டினம் சுழன்று ஈட்டும் பணத்தைவிட, இராட்டினத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிலத்தை வேறு தொழிலுக்கு விற்றுப் பெறும் பணம் பெரிது. முதலாளியின் கணக்கு அதுவே. அந்தக் கணக்கில் ஊராரின் நினைவுக்கு ஒரு வரியும் இல்லை.

சட்டம் காத்த மரமும் காவாத மரமும்

ஆனால் ஊரில் விழிப்புடையோர் சிலர் இருந்தனர். 2002ஆம் ஆண்டே அந்த மரத் தொடர்வண்டி, பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இரண்டாந் தரத்தில் இடம்பெற்றிருந்தது. அரண்மனைகளையும் தேவாலயங்களையும் காத்துவந்த சட்டத்தின் நிழல், தொழிலாளி ஏறி மகிழ்ந்த வண்டியின் மீதும் விழுந்தது. 2011ஆம் ஆண்டு அதன் தரம் மேலும் உயர்த்தப்பட்டது.

பட்டியலில் இடம்பெறாதவற்றின் கதி என்னவாயிற்று என்பதை அறிய இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள சவுத்போட் நகரைப் பார்த்தாற் போதும். அங்கே 1937ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ‘சைக்ளோன்’ என்னும் மரத் தொடர்வண்டி, பூங்கா மூடப்பட்ட 2006ஆம் ஆண்டிலேயே இடித்துத் தள்ளப்பட்டது. ஓரிடத்தில் நின்றதும் மரமே. மற்றோரிடத்தில் வீழ்ந்ததும் மரமே. இடையில் நின்றது சட்டத்தின் ஒரு வரி.

எனினும் நாம் சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் ஒன்றை ஒளிக்காமற் கூறவேண்டும். பட்டியலிடும் சட்டம் “இடியாதே” என்று கட்டளையிடும். “ஓட்டு” என்று கட்டளையிடாது. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது நம் கமக்காரர் அறிந்த உண்மை. ஆளற்றுக் கிடந்த கனவுலகத்தில் 2008ஆம் ஆண்டு ஏப்ரில் 7ஆம் நாள் தீப்பற்றிற்று. மரத் தொடர்வண்டியின் காற்பங்கு சாம்பலாயிற்று. சட்டப் புத்தகத்தில் அது காக்கப்பட்ட சின்னம். கண்முன்னே அது கரிக்கட்டை. உரிமையைத் தாளில் எழுதிவைத்துவிட்டு உறங்குவோருக்கு இதனினும் தெளிவான பாடம் வேறு வேண்டுமோ?

மன்றம் எடுத்த துணிவு

ஊரார் உறங்கவில்லை. மனுக்களில் ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். பூங்காவைப் பழைய இராட்டினங்களின் காட்சியகமாக மீட்கலாம் என்ற திட்டத்தைத் தீட்டினர். 2009ஆம் ஆண்டு, கடற்கரை நகர்களின் பண்பாட்டு வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட அரசாங்க நிதியிலிருந்து 37 இலட்சம் பவுண் உதவி அறிவிக்கப்பட்டது. மரபுரிமைக்கான இலாட்டரி நிதியமும் 30 இலட்சம் பவுண் வழங்க முன்வந்தது.

பணம் வந்தது, காணி வரவில்லை. அப்போதுதான் தானெற் மாவட்ட சபை தன் அதிகாரத்தைக் கையிலெடுத்தது. உரிமையாளரிடமிருந்து காணியைக் கட்டாயமாக வாங்கும் கட்டளையைப் பிறப்பித்தது. 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமைச்சர் அதனை உறுதிப்படுத்தினார். உரிமையாளர் நீதிமன்றம் சென்றனர், வழக்குத் தோற்றது. 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் காணி சபையின் கைக்கு வந்தது.

காணி சுவீகரிப்பு என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே நம் வாசகர் பலரின் நெஞ்சு துணுக்குறும் என்பதை நாம் அறிவோம். உழுதுண்ட நிலத்தின் எல்லையில் அறிவித்தற் பலகை நாட்டப்பட்டதைக் கண்டவர்கள் நம்மிடையே உண்டு. நம் நாட்டில் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ், ஒரு காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்று முடிவுசெய்பவர் அமைச்சரே. அந்தப் பொதுத் தேவை யாது என்பதை அறிவித்தலிற் கூறவேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேதான் நமது உயர் நீதிமன்றம் தெளிவாக எடுத்துரைத்தது. கத்தி ஒன்றே, அது மருத்துவன் கையிலும் இருக்கலாம், கள்வன் கையிலும் இருக்கலாம். மார்கேற்றில் முதலடி எடுத்துவைத்தது அவ்வூர் மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபை. நோக்கத்தை ஊரே அறிந்திருந்தது. உரிமையாளருக்கு மறுத்துரைக்கவும் வழக்காடவும் இடமிருந்தது. இந்த மூன்றும் கூடினால் சுவீகரிப்பு மக்களுக்குக் கேடயம். மூன்றும் இன்றேல் அது மக்கள் மீது பாயும் வாள்.

புதிய இராட்டினங்களும் பழைய பிழையும்

2015ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள் கனவுலகம் மீண்டுந் திறக்கப்பட்டது. மூடப்பட்ட வேறு பூங்காக்களிலிருந்து மீட்கப்பட்ட பழைய இராட்டினங்கள் செப்பனிடப்பட்டு அங்கே சுழன்றன. பிற ஊர்களில் அநாதையாகிவிட்ட களிப்புக்கு அவ்வூர் அடைக்கலம் கொடுத்தது எனலாம்.

ஆனால் மகிழ்ச்சி ஓராண்டு தானும் நீடிக்கவில்லை. பூங்காவை நடத்த அமர்த்தப்பட்ட கம்பனி 2016ஆம் ஆண்டு மே மாதம் கடன் தாங்காது நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. காரணங்களுள் ஒன்று வெளிப்படை. மரத் தொடர்வண்டியைக் காண்பதற்கென்றே மக்கள் வருவர். அந்த வண்டியோ திறப்பு விழாவிற்கு ஆயத்தமாகவில்லை. அது ஓடத் தொடங்கியது ஒக்டோபர் மாதத்தில். கடற்கரை ஊருக்குக் கோடையே அறுவடைக் காலம். விதை நெல் களஞ்சியத்தில் இருக்க, மழையைப் போகவிட்டு, மாரி கழிந்தபின் விதைத்தவனின் நிலையை நம் கமக்காரர்க்கு விளக்கவேண்டுமோ? முதலாண்டில் வாயிலிலேயே வாங்கிய கட்டணமும் எளிய குடும்பங்களைத் தயங்க வைத்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. மேலும் முதலிட்டு, புதிய இராட்டினங்களையும் சேர்த்து, 2017ஆம் ஆண்டு பூங்கா மறுபடியும் பொலிவுடன் திறக்கப்பட்டது. இசை விழாக்களும் அங்கே நடந்தன. 1935ஆம் ஆண்டில் எழுந்த அதன் படமாளிகை, 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு திரைப்படத்தின் களமாயிற்று.

“வேலையற்றோர் நிறைந்த ஊரில், பூட்டிய கடைகள் மலிந்த தெருவில், இராட்டினத்திற்கு இத்தனை இலட்சமா?” என்று கேட்டோர் உளர். இக்கேள்வியை நாம் எள்ளி நகையாடவில்லை. பொதுப்பணம் ஏழையின் வியர்வை. அதற்குக் கணக்குக் கேட்பது கடமை. ஆயினும் விருந்தினரை நம்பி வாழ்ந்த ஊர், விருந்தினர் வரும் காரணத்தை இழந்தால் எதனைக் கொண்டு வாழும்? குளம் தூர்ந்த ஊரில் வயலை மட்டும் காப்போம் என்பது அறிவுடைமையாகாது. செலவிட்டது பிழையன்று. செலவிட்ட பின்னர், திறக்கும் நாள், வாங்கும் கட்டணம், செப்பனிடும் பொறுப்பு என்பவற்றை ஒப்பந்தத்திற் கட்டிப்போடாது கம்பனியின் நம்பிக்கையை நம்பியிருந்தால், அதுவே பிழை.

நாம் கொள்ளவேண்டிய முடிவு

ஆகவே, புதிய இராட்டினம் வந்துவிட்டது, இனி ஊர் பிழைத்தது என்று பறையறைவோரை நாம் நம்புவதற்கில்லை. இராட்டினம் ஊரைக் காப்பதில்லை. ஊரே இராட்டினத்தைக் காக்கிறது. அதற்கு முதலாவது வேண்டுவது, தன் ஊரின் பொது இடத்தைக் காக்கவும், வேண்டுமாயின் மீட்கவும் அதிகாரமுள்ள உள்ளூர்ச் சபை. இரண்டாவது வேண்டுவது, கொடுத்த பணத்திற்கு நாளும் கணக்கும் குறித்த கண்டிப்பான ஒப்பந்தம். மூன்றாவது, அவ்விடம் நமது என்று நினைந்து ஆண்டுதோறும் சென்று பயன்படுத்தும் மக்கள். மூன்றில் ஒன்று குறையினும் கனவுலகம் கனவாகவே கழியும்.

அந்த மரத் தொடர்வண்டியின் அமைப்பை மீண்டும் நினைவு கூர்வோம். வண்டியை மேலே இழுத்துச் செல்வது வடக்கயிறு. சட்டமும் போராட்டமும் அத்தகையன. உச்சியை அடைந்ததும் கயிறு விட்டுவிடும். அதன் பின்னர் வண்டியைக் காப்பது தடை பிடிப்பவனின் விழித்த கண்ணும் உறுதியான கையுமே. மார்கேற் மக்கள் வண்டியை உச்சிக்கு ஏற்றியதிற் குறையொன்றுமில்லை. முதல் இறக்கத்திலேதான் தடுமாறினர். தடுமாறியும் வண்டியைக் கைவிடாது மறுபடி ஏற்றினரே, அந்த உறுதியை நாம் பாராட்டுகிறோம். பொது உடைமையை வென்றெடுக்க ஒருநாட் கிளர்ச்சி போதும். அதனை வைத்துக் காக்க ஒவ்வொரு நாளும் விழிப்பு வேண்டும்.